உயிரை வெளியே ஒளித்து வைத்தவன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜாதவ்பூரில் மகனோடு வசித்துவரும் என் தமக்கையாரைக் காணச் சென்றிருந்தேன். எட்டு-பி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது தெருவெல்லாம் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவாறு வீடு போய்ச் சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் என் காதில் விழுந்த முதற்சொற்கள், "அவனைக் கொன்று ஒரு பயனுமில்லை, பத்து நாளுக்குள் திரும்பி வந்துவிடுவான்" என்பவை. சொன்னவள் என் தமக்கையாரின் பேத்தி. சொன்ன மொழி வங்காளி.

நடுக்கூடத்து மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருந்தனர். பேத்தி கல்லூரியில் முதலாண்டு மாணவி. மற்ற நால்வரும் அவளுடைய வங்காளித் தோழர், தோழியர். மேசைமேல் காகிதங்கள், பென்சில்கள், ஒரு தட்டு முறுக்கு, பல வடிவங்களில் பல நிறப் பகடைகள். தன் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதன் மறைவில் ஏட்டைப் புரட்டியவண்ணம் அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மூலையில் அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தமக்கையார், தலையை நிமிர்த்தாமலே, "உயிரை எங்கே வைத்திருக்கிறானாம்? கிளியிலா?" என்று தமிழில் கேட்டார்.

தமக்கையாருக்கு வங்காளி நன்கு விளங்கும், பேச வராது. பேத்திக்குத் தமிழ் விளங்கும், பேசக் கூசுவாள். பாட்டியின் கேள்வியை அவள் மொழிபெயர்த்துச் சொன்னதும் மேசையில் பேச்சு நின்றது. "டாகுமாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்றான் ஒரு பையன். வங்காளிகள் தந்தைவழிப் பாட்டியை அவ்வாறுதான் அழைப்பார்கள் என்பதை நம் அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையனின் கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரை அதற்கு நான் தேடிய விடையே.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். நம்மில் பலர் வீட்டிலும் பிள்ளைகள் இதனை ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோர்க்கோ இன்னதென்று புரிவதில்லை. இதன் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதலில் அச்சிட்ட படிகள் ஆயிரம்தான். இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. இதற்குப் பலகை வேண்டியதில்லை. காய்கள்கூட இன்றியமையாதவை அல்ல. ஒருவர் கதை நடத்துநர். மற்றவர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்", "வாளை உருவுகிறேன்" என்று அவர்கள் சொல்ல, முயற்சி பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். நான்கு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம் எனப் பகடைகள் பல உள. தாயக்கட்டை உருட்டிய கைகளுக்கு இதில் வியப்பொன்றும் இராது. கதையைக் கேட்பவனும் கதைக்குள் நடமாடலாம் என்பதே புதுமை.

அன்று பிள்ளைகள் கொல்ல முடியாமல் திணறிய பகைவன் 'லிச்' என்னும் வகையைச் சேர்ந்தவன். ஆங்கிலத்தில் அது மிகப் பழைய சொல். பிணம் என்பது பொருள். இங்கிலாந்துத் தேவாலயங்களின் முற்றத்து வாயிலில், அடக்கத்திற்கு வரும் சவப்பெட்டியைச் சற்று இறக்கி வைப்பதற்குக் கூரையோடு கூடிய ஒரு மண்டபம் உண்டு. அதன் பெயரில் இச்சொல் இன்னும் வழங்குகிறது. இவ்வாட்டத்தில் லிச் என்பவன் 1975-ஆம் ஆண்டு வெளிவந்த இணைப்பு நூல் ஒன்றில் முதன்முதலில் தோன்றினான். அவன் பெருங்கல்வி உடைய மந்திரவாதி. சாக மனமில்லாதவன். ஆதலால் தன் உயிரைத் தன் உடலிலிருந்து பிரித்து, ஒரு பேழையிலோ சிமிழிலோ அடைத்து, யாரும் காணாத இடத்தில் ஒளித்து வைக்கிறான். உடல் செத்து, வற்றி, எலும்பாகிவிடுகிறது. அவனோ நடமாடிக்கொண்டே இருக்கிறான். அவ்வுடலை வெட்டி வீழ்த்தினால், பத்து முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். விழுகிற எண் எத்தனையோ அத்தனை நாளில், ஒளித்த பேழையின் அருகே புதிய உடலோடு எழுந்து நிற்பான். பேத்தி சொன்ன பத்து நாள் கணக்கு இதுவே.

அந்தப் பேழைக்கு இவ்வாட்டத்தார் நெடுங்காலம் இட்டிருந்த பெயர் 'ஃபிலாக்டரி'. காவல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் தாயத்து எனக் கொள்ளலாம். யூதர்கள் வழிபாட்டின்போது அணியும் மறைவாசகப் பேழைக்கும் அப்பெயர் வழங்குவதுண்டு. 2025-ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டு, ஆவிக் குடுவை என்னும் பொருளுடைய பெயர் வந்திருக்கிறது.

இவ்வகை மந்திரவாதிகளுள் பெரும்புகழ் பெற்றவன் ஆசரராக் என்பவன். கைகாக்ஸ் 1975-இல் ஓர் ஆட்ட விழாவிற்கென எழுதி, 1978-இல் அச்சேற்றிய 'அச்சங்களின் கல்லறை' என்னும் கதைக்கு அவனே தலைவன். தலைவன் என்றாலும், கதை முழுதும் அவன் வெளியே வருவதில்லை. கல்லறைதான் அவனுக்காகப் போர் புரிகிறது. அக்காலத்தில் தம் பாத்திரங்களை வெல்ல எவராலும் இயலாது என்று செருக்குற்றிருந்த ஆட்டக்காரர்களின் கொட்டத்தை அடக்கவே அதனைப் படைத்தார் என்பர். நுழைவிலேயே சுவரில் ஒரு பச்சைப் பூதமுகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அதனுள் வழி இருக்கிறதென்று நம்பித் தலையை விட்டவன் இல்லாமலே போவான். பொறிகளையெல்லாம் தப்பி இறுதி அறையை அடைந்தால், அங்கே ஒரு மண்டையோடு மட்டும் கிடக்கும். கண்ணிடத்தில் மாணிக்கம், பல்லிடத்தில் வைரம். ஆசைப்பட்டுத் தொட்டவனுடைய உயிர் அந்த மணிகளுள் ஒன்றில் போய் அடைபடும். 2017-இல் வெளிவந்த மற்றொரு கதையில் அவனே ஒரு பொறியை அமைத்து, உலகில் இறப்பவர் உயிர்களையெல்லாம் அதில் பிடித்து அடைக்கிறான். தான் சாகாதிருக்கப் பிறர் சாவையும் பறித்துக்கொள்பவன். எனக்குத் தெரிந்த கதைகளில் இவனைவிடக் கொடியவனைக் காண்பது அரிது.

இவனைக் கண்டுதான் தமக்கையார் கிளியை நினைத்தார். நினைத்ததில் தவறென்ன? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில், கூண்டுக்குள் இருக்கும் பச்சைக்கிளியில் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது என்ற செய்தியை அறியாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டோ? மயில்ராவணன் கதையை எண்ணிப் பாருங்கள். பாதாளத்தில் அரசு செலுத்தும் மாயக்காரன். இராமனையும் இலக்குவனையும் உறக்கத்தில் கவர்ந்து சென்று காளிக்குப் பலியிட முற்படுகிறான். அனுமன் எத்தனை முறை தாக்கினும் வீழ்வதில்லை. அவன் உயிர் வேறோரிடத்தில் வண்டுகளாக அடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவற்றை நசுக்கிய பின்னரே அவன் மாண்டான். வான்மீகத்தில் இல்லாத இக்கதை, நாட்டுப்புறத்து நாவில் வாழ்ந்தது. வங்காளத்திலும் கிருத்திவாசரின் இராமாயணத்தில் மகிராவணனாக அவன் வருகிறான். ஆங்கே, எப்படி வீழ்ந்து வணங்குவதென்று எமக்குத் தெரியாது, நீயே காட்டு என்று சொல்லச் செய்து, அவன் குனிந்த வேளையில் தலை கொய்யப்படுகிறது. விக்கிரமாதித்தன் தன்னைப் பலியிட நினைத்த மந்திரவாதியை வீழ்த்தியதும் இதே சூழ்ச்சியால்தான். வேதாளம் குடிகொண்ட பிணத்தை மன்னன் தோளில் சுமந்த அக்கதைத் தொகுதியை வங்க உரைநடையில் தந்தவர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர், ஆண்டு 1847. கல்கத்தாவில் உள்ள தமிழனும் வங்காளியும் ஒருவருக்கொருவர் மொழிபெயர்க்காமலே சொல்லிக்கொள்ளக்கூடிய கதைகள் இவை.

வங்க நாட்டில் உயிர் ஒளியும் இடம் பெரும்பாலும் வண்டுதான். இலால் பிகாரி தே என்பார் 1883-இல் வெளியிட்ட வங்கக் கதைத் தொகுதியில் அரக்கர் கதை ஒன்று வருகிறது. குளத்தின் ஆழத்தில் ஒரு பளிங்குத் தூண்; அதன் உச்சியில் இரண்டு தேனீக்கள். ஒரே மூச்சில் முழுகி எடுத்துக் கொல்ல வேண்டும். ஒரு துளி இரத்தமும் தரையில் விழலாகாது. விழுந்தால் அதிலிருந்து ஆயிரம் அரக்கர் கிளம்புவர். அந்நூலிலேயே நம் மனத்தைத் தொடும் வேறொரு கதையும் உண்டு. அதில் உயிர் வெளியே இருப்பது கொடியவனுக்கன்று, தாலிம் குமாரன் என்னும் இளவரசனுக்கு. குளத்து மீனின் வயிற்றில் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு கழுத்தணி. அதில் அவன் உயிர். மாற்றாந்தாய் அதனைக் கைப்பற்றிப் பகலில் அணியும்போதெல்லாம் அவன் பிணமாவான். இரவில் அவள் கழற்றி வைத்ததும் எழுந்து உட்காருவான். நள்ளிரவில் உயிரோடிருக்கும் கணவனைப் பகலில் பிணமாகக் காணும் மனைவியின் நிலையை அக்கதை சொல்லும் முறை எந்த மந்திரவாதியைவிடவும் அச்சம் தரும்.

இன்றும் வங்காளிகள் ஒரு குடும்பத்திற்கோ நிறுவனத்திற்கோ ஆதாரமாக இருப்பவரைப் 'பிராண் போம்ரா' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உயிர்வண்டு. மீன் கடையிலும் அலுவலகத்திலும் வழங்கும் இச்சொல், அரக்கன் கதையிலிருந்து வந்தது.

1907-ஆம் ஆண்டில் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 'டாகுர்மார் ஜுலி', அதாவது பாட்டியின் பை, என்னும் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மைமன்சிங் பகுதிக் கிராமங்களில் முதியவர் வாய்மொழியாகக் கேட்டுத் திரட்டியவை அக்கதைகள். முன்னுரை எழுதியவர் இரவீந்திரநாத் தாகூர். பாட்டியின் கதைப்பையைவிடச் சுதேசியான பொருள் வேறில்லை, அதுவுங்கூட அண்மையில் மான்செஸ்டர் ஆலையிலிருந்து இறக்குமதியாகத் தொடங்கிவிட்டதே என்று அவர் அதில் வருந்தினார். இன்று யாராவது அவ்வாறு எழுதினால் கைப்பேசியைச் சொல்லியிருப்பார். அதற்கு முந்திய ஆண்டான 1906-இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகமே பின்னர் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாக 1955-இல் உருப்பெற்றது. அங்கே 1956-இல் கவிஞர் புத்ததேவ போஸ் தொடங்கிய ஒப்பிலக்கியத் துறை, இந்தியாவில் அத்தகைய துறைகளுள் முதலாவது. ஒரு நாட்டுக் கதையை மற்றொரு நாட்டுக் கதையோடு வைத்துப் பார்ப்பதையே படிப்பாகக் கொண்ட இடத்திற்கு நடைதூரத்தில் இருந்துகொண்டு, நம் வீட்டுக் கிளியை அண்டை வீட்டு வண்டோடு ஒருநாளும் ஒப்பிட்டுப் பாராமல் நான் இத்தனை ஆண்டுகள் கழித்திருக்கிறேன்.

ஜாதவ்பூரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தோர் குடியேறிய பகுதி அது. கைவிடப்பட்ட படைமுகாம் ஒன்றில் அவர்கள் அமைத்த விஜயகட் குடியிருப்பு இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. அவர்களுடைய பாட்டிமார் மைமன்சிங்கிலும் டாக்காவிலும் கேட்ட கதைகளை ஓலைக் கூரையின் கீழ் இருந்துகொண்டு பேரர்களுக்குச் சொன்னார்கள். திரும்பிச் செல்ல ஊர் இல்லை. நாம் பிழைப்பை நாடி வந்தவர்கள். நமக்கு ஊர் இருக்கிறது, புகைவண்டியும் இருக்கிறது. அந்தத் தைரியத்தினாலேயே நாம் கதை சொல்வதில் அசட்டையாக இருந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உலகில் இக்கதை எங்கெங்கு இருக்கிறதென்று தேடினால் முடிவில்லை. உருசிய நாட்டில் சாவில்லாத கொஷ்செய். அவன் சாவு ஓர் ஊசிமுனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி தீவிலுள்ள மரத்தடியில். எகிப்தில் ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பாப்பிரசுச் சுவடி ஒன்றில், தன் இதயத்தை ஒரு மரத்தின் மலர்மேல் வைத்த தம்பியின் கதை இருக்கிறது. ஃபிரேசர் என்னும் அறிஞர் 1890-இல் முதலில் வெளியிட்ட 'பொற்கிளை' நூலில் இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்கிறார். அவர் எடுத்துக்காட்டுகளுள் முன் நிற்பது நம் நாட்டுக் கதை: பஞ்ச்கின் என்னும் மந்திரவாதியின் கதை. நடுக்காட்டில் பனைமரங்கள் வட்டமாக நிற்கும், நடுவே ஒன்றன்மேலொன்றாக ஆறு நீர்க்குடங்கள், அவற்றின் அடியில் சிறு கூண்டு, கூண்டில் பச்சைக்கிளி. கிளியின் ஒரு சிறகைப் பிய்த்தால் மந்திரவாதியின் ஒரு கை விழும்.

இக்கதையை 1868-இல் அச்சேற்றியவர் பம்பாய் ஆளுநரின் மகள் மேரி ஃபிரியர். சொன்னவர் அவரிடம் ஆயாவாகப் பணிபுரிந்த ஆனா லிபராட்டா டி சூசா. அவ்வம்மையார் தம் பாட்டியிடம் கேட்டவை அவை. முன்னாளில் முதியோர்க்குக் கதை சொல்வதில் விருப்பம் இருந்தது, இப்போதோ பணம் சேர்ப்பதில்தான் விருப்பம் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதும் அந்நூலில் பதிவாகியிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குறை!

நம் தலைமுறைக்குச் செத்துப் பிழைத்த மந்திரவாதி என்றால் கண்முன் நிற்பவர் எஸ். வி. ரங்காராவ். 1951-இல் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'பாதாள பைரவி'யை, கும்பகோணத்தில் ஒரு கொட்டகையில் தமக்கையாரின் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். மந்திரவாதி வரும்போதெல்லாம் முகத்தை மூடிக்கொண்டேன் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். படம் வெளிவந்தபோது ரங்காராவுக்கு வயது முப்பத்திரண்டுதான்! நேபாள மாந்திரீகன் ஒரு வீர இளைஞனைப் பாதாள பைரவிக்குப் பலியிட்டு வரம் பெற எண்ணுகிறான்; சூழ்ச்சி வெளிப்பட்டு அவனே பலியாகிறான். கதை அங்கே முடியவில்லை. சீடன் சதாஜபன் சஞ்சீவி மூலிகையால் குருவை எழுப்பிவிடுகிறான். அதன் பிறகுதான் கதாநாயகனுக்கு உண்மையான துன்பம் தொடங்குகிறது. படத்தை எடுத்த நாகிரெட்டியாரும் சக்கரபாணியாரும் 1947 முதல் அம்புலிமாமா இதழை நடத்திய அதே இருவர் என்பதை நினைத்தால், வேதாளமும் மந்திரவாதியும் எந்தக் கிணற்றிலிருந்து வந்தார்கள் என்பது விளங்கும்.

தமக்கையாரின் மருமகள் அன்று என்னைத் தனியே அழைத்து, "மாமா, தேர்வு நெருங்குகிறது, இவள் மண்டையோட்டுப் படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு சாவு, பிணம், சூனியம் என்று பேசுகிறாளே, இது நல்லதற்கா?" என்று கவலையோடு கேட்டாள். இந்தக் கவலை புதியதன்று. 1980-களில் அமெரிக்காவில் பெற்றோர் சிலரும் சமயக் குழுவினரும் இவ்வாட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டிற்கும் தற்கொலைக்கும் இழுத்துச் செல்கிறதென்று பெருங்கிளர்ச்சி செய்தனர். ஆராய்ந்தவர்கள் அக்குற்றச்சாட்டிற்கு ஆதாரம் காணவில்லை. தேர்வைப் பற்றிய கவலை வேறு. அதில் தாயின் பக்கமே நான். சூனியத்தைப் பற்றிய கவலைக்கு மட்டும், "நீ சிறுமியாக இருந்தபோது கிளியின் கழுத்தைத் திருகிய கதையைக் கேட்டுத்தானே உறங்கினாய்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

ஆனால் ஆட்டத்துக் கதைக்கும் பாட்டி கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைப் பேத்தியிடமும் சொன்னேன். ஆட்டத்தில் பேழையைக் கண்டுபிடிப்பவர்கள் தேடித் துருவி, காவலர்களைக் கொன்று கண்டுபிடிக்கிறார்கள். நம் கதையில் அந்த இரகசியம் பேச்சில் வெளிப்படுகிறது. சிறைப்பட்ட பெண்ணொருத்தி, "உமக்கு ஏதேனும் நேர்ந்தால் என் கதி என்ன?" என்று கேட்பாள். சாகாதவனும் அந்த ஒரு சொல்லுக்கு இளகிவிடுவான். உயிரைக் கடலுக்கு அப்பால் வைத்தவன், அது இருக்கும் இடத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கருத்தில், பகடையால் வெல்லப்படும் ஆசரராக்கைவிட இவன் நன்கு படைக்கப்பட்ட பாத்திரம்.

இன்னொன்றும் சொன்னேன். பிணத்தினுள் உயிர் நடமாடுவது நம்மவர்க்கு எப்போதும் தீமையின் குறி அன்று. திருமூலர் வரலாற்றைப் பாருங்கள். காவிரிக்கரையில் சாத்தனூர் அருகே மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. வடக்கிலிருந்து வந்த சிவயோகியார் அவற்றின் துயர் பொறாமல், தம் உடலை ஓரிடத்தில் காவலாக வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்து வீடு திரும்பின. யோகியார் மீண்டு வந்து பார்த்தபோது ஒளித்து வைத்த உடலைக் காணவில்லை. பிறகு இடையன் உடலிலேயே தங்கி மூவாயிரம் பாடல் அருளினார் என்பது பெரியபுராண மரபு. வங்காளிப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்தது. அப்படி ஒரு பாத்திரத்தை ஆட்டத்தில் சேர்க்கலாமா என்று அவர்களுக்குள் நெடுநேரம் விவாதம் நடந்தது.

அன்றிரவே பேத்தி ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த ஆட்டத்தில் வரும் பகைவன் ஆசரராக் அல்லன்; பாட்டி கதையின் மந்திரவாதி. "பாட்டி, முழுக் கதையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று ஏட்டோடு உட்கார்ந்தாள்.

தமக்கையார் தொடங்கினார். அரசகுமாரியை மந்திரவாதி கவர்ந்து சென்றது, அவள் தந்திரமாகக் கேட்டது, முதல்முறை அவன் பொய் சொன்னது, இரண்டாம் முறையும் பொய் சொன்னது, எல்லாம் தெளிவாக வந்தன. முதல் மலை, இரண்டாம் மலை, மூன்றாம் மலை. ஒவ்வொன்றிலும் ஒரு தடை; ஒவ்வொரு தடையிலும் ஓர் உதவி. எறும்புக்கு அரிசி போட்டது, காகத்தின் முள்ளை எடுத்தது. ஐந்தாம் மலைவரை வந்தவர் நின்றார். நறுக்கி வைத்த காயைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதற்கப்புறம் ஏதோ ஒரு கிழவி வருவாள்... குளத்தங்கரையில்... என்ன கேட்பாள்?" என்று என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கதை சொல்லும்போது அந்த இடம் வருமுன்னே நான் உறங்கிவிடுவேனாம்.

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். அவருக்கு வயது எண்பத்தொன்பது. கிழவியே கிடையாது, கிளியும் இல்லை, உயிர் இருந்தது கருவண்டில் என்று அடித்துச் சொன்னார். தமக்கையார் ஒப்பவில்லை. இருவருக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். ஒரே பாட்டியின் இரு பக்கங்களிலும் படுத்துக் கேட்டவர்கள் அவர்கள்! அவர்களுக்கு மேலே கேட்பதற்கு எங்கள் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை.

அடுத்த வாரம் வந்த தோழி ஒருத்தி, தன் பாட்டியைக் கேட்டு வந்ததாகச் சொன்னாள். அவர்கள் குடும்பம் மைமன்சிங்கிலிருந்து வந்தது. அந்தப் பாட்டியும் வண்டுதான் என்றாராம். இரத்தம் தரையில் சிந்தக்கூடாது என்பதை மறக்கவேண்டாம் என்று இருமுறை எச்சரித்தாராம். ஆதலால் இப்போது ஆட்டத்தில் கூண்டுக்குள் கிளி, கிளியின் வயிற்றில் வண்டு. மந்திரவாதியை வாளால் வெல்ல முடியாது என்பது பேத்தி வகுத்த சட்டம். யாராவது ஒருவர் அவனோடு மூன்று இரவு உட்கார்ந்து பேச வேண்டும்; மூன்றாம் இரவில்தான் பகடை உருட்டலாம்.

அந்த ஏட்டை வாங்கிப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. பாட்டி சொன்ன தமிழை அப்படியே வங்க எழுத்தில் எழுதியிருக்கிறாள். வங்க எழுத்தில் ழகரம் இல்லை. ஏழு கடலும் ஏழு மலையும் அதில் 'ஏலு' ஆகிவிட்டன. குளத்தங்கரைக் கிழவி 'கிலவி' ஆகிவிட்டாள். ஐந்தாம் மலைக்குப் பிறகு பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டு, அடுத்த பக்கத்தில் கிளியைத் தொடங்கியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"பாட்டிக்கு ஞாபகம் வந்தால் எழுத" என்றாள், தமிழில்.

தேர்வு முடியும்வரை ஆட்டத்தை நிறுத்திவைக்க வேண்டுமென்பது தாயின் கட்டளை. அதுவரை மந்திரவாதிக்கு ஒரு தீங்குமில்லை. நம் அன்பர் இல்லங்களில் குளத்தங்கரைக் கிழவி வரும் கதையை அறிந்த பெரியவர் எவரேனும் இருந்தால், அவள் என்ன கேட்டாள் என்பதை இவ்விதழுக்கு எழுதி அனுப்பக் கோருகிறேன். ஜாதவ்பூரில் சேர்ப்பித்து விடுகிறேன்.